இருபத்துநான்கு முந்திரிக்கொட்டைகளும் ஒரு பிளஸ் டூ சான்றிதழும்

ஒரு காட்டில், புலியும் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்ட காலத்தில், மரிக்கொழுந்து என்ற அணில் பதினொன்றாம் வகுப்பு படித்துவந்தது. படிப்பில் கெட்டி. அவசரத்தில் அதைவிடக் கெட்டி. ஆசிரியர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் விடை சொல்லிவிடும். பாதி நாள் அந்த விடை அடுத்த கேள்விக்கு உரியதாக இருக்கும்.

பள்ளி ஒரு மருத மரத்தடியில் நடந்தது. தலைமையாசிரியர் தணிகாசலம் ஒரு காட்டெருமை. பதவியில் இருப்பவர் என்பதால் அவரை 'அவர்' என்று சொல்கிறேன். மற்றவை எல்லாம் 'அது'தான். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்தக் காட்டு வழக்கம் அப்படி. தணிகாசலம் நல்லவர், நேர்மையானவர், ரொம்பவும் நிதானமானவர். எதைக் கேட்டாலும் முதலில் அசை போடுவார். காலையில் கேட்ட சந்தேகத்துக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பதில் வரும். பதில் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கேட்டவர்தான் அங்கே இருக்கமாட்டார்.

அந்த வருடம் பள்ளிக்குப் புதிதாக ஒரு படிவம் வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்க இனி மூன்று வழிகள், ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடிக்கவும் என்று அதில் போட்டிருந்தது. முதலாவது நேர்வழி. எல்லோரையும் போலப் படித்து, பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் போகலாம். இரண்டாவது தொழில்வழி. தோண்டுவது, கூடு கட்டுவது, மோப்பம் பிடிப்பது என்று ஏதாவது ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு செய்முறைத் தேர்வு மட்டும் கொடுத்தால் போதும். மூன்றாவதுதான் எல்லோர் கண்ணையும் பறித்தது. அதன் பெயர் தாவல்வழி. பள்ளியில் இருக்கும்போதே மதியத்துக்கு மேல் ஓடையைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய்ப் பாடம் கேட்கலாம். ஒரு பாடத்தில் தேறினால் ஒரு கிரெடிட். இருபத்துநான்கு கிரெடிட் சேர்த்துவிட்டால் பொதுத்தேர்வே வேண்டாம், பிளஸ் டூ பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கல்லூரியிலும் நேரே இரண்டாம் ஆண்டு பெஞ்சில் போய் உட்காரலாம்.

சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசித் தேதியில் ஒரு கிரெடிட் குறைந்தாலும் அந்த வருடம் கல்லூரியில் இடம் கிடையாது. பொதுத்தேர்வும் எழுதாததால் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரை அடித்துவிடுவார்கள். ஆக, இரண்டுங்கெட்டானாக நிற்க வேண்டியதுதான். பொடி எழுத்தைப் படிக்கும் அளவுக்கு எந்த அணிலுக்கும் நேரம் இருந்ததில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிரெடிட் என்றால் காகிதத்தில் எழுதித் தருவது இல்லை. காகிதத்தைக் கரையான் தின்றுவிடுகிறது என்று, கல்லூரியில் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் ஒரு முந்திரிக்கொட்டை கொடுத்தார்கள். கல்லூரி வாசலில் முன்பு நின்ற ஒரு பழைய மரத்துக் கொட்டை அது. அந்த மரத்துக்கென்று ஒரு தனி வாசனை உண்டு. மரம் புயலில் விழுந்து, கொட்டைகள் மட்டும் மூட்டையில் இருந்தன. முத்திரை, கையெழுத்து எல்லாம் அந்த வாசனைதான். வேறு யாரும் போலி செய்ய முடியாது என்பதில் கல்லூரிக்கு ரொம்பப் பெருமை.

தணிகாசலம் பெற்றோர் கூட்டம் நடத்தினார். படிவத்தை விளக்கிவிட்டு, "அணில் பிள்ளைகள் மட்டும்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அசை வந்துவிட்டது. மரிக்கொழுந்தின் அம்மா சீனியம்மாள் காத்திருக்கவில்லை. "எம் மக எதுக்கு ரெண்டு வருசம் பெஞ்சைத் தேய்க்கணும்? மூணாவதுலயே போட்டுக்கங்க சார்" என்று டிக் அடித்து நீட்டியது. மகளோ, அம்மா நீட்டுவதற்கு முன்பே முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு கல்லூரிக்குப் போகும் வழியைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. எல்லோரும் கலைந்துபோன பிறகு தணிகாசலம் விழுங்கி முடித்து, "...இந்த வழியில் சேர வேண்டாம்" என்றார். ஒரு வண்டு மட்டும் அதைக் கேட்டுக்கொண்டது. அது தாவல்வழியில் சேரவில்லை.

அந்த ஒரு வருடமும் மரிக்கொழுந்து நிலத்தில் கால் வைத்ததே இல்லை என்று சொல்லலாம். காலையில் பள்ளி, மதியம் கல்லூரி, இடையில் ஓடைமேல் ஒரு தாவல். 'பருந்து: ஓர் அறிமுகம்' என்ற பாடத்தில் முதலிடம். கிளைக்கணிதத்தில் தேறியது. 'முதுகுக் கோடுகளின் வரலாறு' மூன்று பாகமாக இருந்தது, கோட்டுக்கு ஒரு பாகம், மூன்றையும் முடித்தது. 'பாம்பும் தத்துவமும்' மட்டும் கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் பாடம் எடுத்தது ஒரு சாரைப்பாம்பு. செய்முறை வகுப்புக்கு யாரும் வராததால் அந்தப் பாடத்தில் எல்லோருக்கும் பாஸ் போட்டார்கள்.

கிரெடிட் கொடுக்கும் கவுண்டரில் சுருளியாண்டி என்ற அழுங்கு உட்கார்ந்திருந்தது. அழுங்கு தெரியும்தானே? உடம்பு முழுக்கச் செதில் வைத்துக்கொண்டு எறும்பு தின்னும். யாராவது கேள்வி கேட்டால் உருண்டையாகச் சுருண்டுவிடும், கேட்டவர் போன பிறகுதான் விரியும். அதனால் அந்தக் கவுண்டரில் ஒரு புகார்கூடப் பதிவானதில்லை, சிறந்த கவுண்டர் என்று இரண்டு தடவை பரிசும் வாங்கியிருந்தது. கண் பார்வை சுமார். மூக்கு பிரமாதம். கொட்டையை முகர்ந்து பார்க்கும், "செல்லும்" என்று சொல்லும், அவ்வளவுதான்.

முதல் பாடத்துக்கு முதல் கொட்டையை மரிக்கொழுந்தின் கையில் கொடுத்தது. அணில் கையில் கொட்டை கிடைத்தால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. மரிக்கொழுந்து நேரே காட்டுக்குள் போய், குழி தோண்டி, கொட்டையைப் புதைத்து, மேலே சருகைத் தள்ளி, நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதது மாதிரி நடந்து போனது. இரண்டாவது கொட்டையை வேறு இடத்தில் புதைத்தது. இப்படி இருபத்துநான்கும் இருபத்துநான்கு இடத்தில். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பது அணில் வீடுகளில் பால் குடிக்கும்போதே சொல்லிக் கொடுக்கும் பாடம். அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கிடையாது.

சீனியம்மாள் அவ்வப்போது விசாரித்துக்கொண்டது.

"பத்திரமா வச்சிருக்கியாடி?"

"பத்திரமா வச்சிருக்கேம்மா."

"எங்க?"

"பத்திரமான இடத்துல."

அம்மாவும் அணில்தான். அந்தப் பதிலில் அதற்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

கடைசி நாள் வந்தது. ஆனி மாதக் கடைசி வெள்ளி, மாலை நான்கு மணிக்குள் இருபத்துநான்கு கொட்டைகளையும் கவுண்டரில் வைக்க வேண்டும். காலையில் மரிக்கொழுந்து தலை சீவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, வீட்டைவிட்டுக் கிளம்பி, பத்தடி போய் நின்றது. முதல் கொட்டை வளைந்த வேருக்குப் பக்கத்தில். அது நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் காட்டில் வளையாத வேர் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

பத்து மணிவரை தோண்டியது. ஒரு கிளி தொலைத்த அடையாள அட்டை கிடைத்தது. சாரைப்பாம்பின் முட்டை கிடைத்தது, அதைத் தொடர்ந்து பாம்பும் தத்துவமும் பாடத்தின் செய்முறை வகுப்பு நடந்தது. கொட்டை மட்டும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அதற்குக் கொம்பையாவின் நினைவு வந்தது. கொம்பையா காட்டுப்பன்றி, பக்கத்து பெஞ்ச், தொழில்வழியில் சேர்ந்து தோண்டுதல் படிக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் அது மண்ணில் முகத்தைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டது. அப்படி ஒரு நண்பன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மூன்று மணிக்குக் கொம்பையா திரும்பி வந்தது.

"ரெண்டு கெடச்சுச்சு புள்ள" என்றது.

"எங்க, குடு."

"உள்ள போயிருச்சு. வேணும்னு செய்யல. பழக்கதோசம்." நாக்கை நீட்டி ஆற்றிக்கொண்டே, "வாயெல்லாம் எரியுது, ஆனா ருசியா இருந்துச்சு" என்றும் உண்மையைச் சொன்னது.

மரிக்கொழுந்து கொம்பையாவைக் கவுண்டருக்கே இழுத்துக்கொண்டு போனது. வயிற்றில் இருந்தாலும் கொட்டை கொட்டைதானே என்று நினைத்தது. சுருளியாண்டி பன்றியின் வாயை முகர்ந்து பார்த்தது. சந்தேகமே இல்லை, அதே வாசனை. "ரெண்டு. செல்லும்" என்று சொல்லி, கொம்பையாவின் பெயரில் இரண்டு கிரெடிட் எழுதிக்கொண்டது. கல்லூரி வாசலையே பார்க்காத கொம்பையாவுக்கு இரண்டு. வருடம் முழுவதும் படித்த மரிக்கொழுந்துக்குச் சைபர். இது என்ன நியாயம் என்று மரிக்கொழுந்து கேட்டது. கேள்வி என்பதால் சுருளியாண்டி சுருண்டுகொண்டது. அப்படியே நான்கு மணி ஆனது.

அன்று மரிக்கொழுந்து அழுதது. வாலை முகத்தில் மூடிக்கொண்டு நன்றாகவே அழுதது. ஒரு வருடத் தூக்கம் போச்சு, பிளஸ் டூ போச்சு, தாவல்வழியில் கூடப் படித்த எல்லோரும் பாஸ் என்று எழுதிய காகிதத்தோடு போகும்போது தான் மட்டும் ஒன்றுமில்லாமல் நிற்கிறோம் என்பது அதற்குத் தாங்கவில்லை. சீனியம்மாள் திட்டவில்லை. பக்கத்துக் கிளைக்காரர்கள் கேட்டபோது, "எம் மக ஆராய்ச்சியில இருக்கா" என்று மட்டும் சொன்னது.

மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் விடாமல் பெய்தது. அது விட்ட அன்று காலை, காட்டில் இருபத்திரண்டு இடத்தில் இருபத்திரண்டு முந்திரிக் கன்றுகள் தலை நீட்டின. தான் எங்கெங்கே புதைத்தோம் என்று மரிக்கொழுந்துக்கு அப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு கன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு கவுண்டருக்கு ஓடியது. இந்தத் தடவை அது கேள்வி கேட்கவில்லை. வருடம் முழுவதும் படித்ததில் அது ஒன்று உருப்படியாக உதவியது. "இது அந்தக் கொட்டைதான். எப்ப ஏத்துக்குவீங்கன்னு சொன்னா அப்ப வர்றேன்" என்றது.

சுருளியாண்டி விரிந்தே இருந்தது. கன்றை முகர்ந்தது. "வாசனை இருக்கு. கொட்டை இல்ல. இந்த வருச இடம் போனது போனதுதான். கிரெடிட்டுக்குக் காலாவதி கிடையாது. கொட்டையா கொண்டா, என்னைக்குக் கொண்டாந்தாலும் ஏத்துக்கிறேன்."

பிடுங்கிய கன்றைத் திரும்ப நட்டுவிட்டு, முந்திரி எப்போது காய்க்கும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டது மரிக்கொழுந்து. அவர் இரண்டு நாள் அசை போட்டார். அது அங்கேயே உட்கார்ந்திருந்து பதிலை வாங்கிக்கொண்டது. மூன்று வருடம் என்றார். ஒரு வருடம் மிச்சம் பிடிக்கப்போய் மூன்று வருடம் போனது.

அந்த மூன்று வருடமும் மரிக்கொழுந்து மரம் காத்தது. மானை விரட்டியது, மானோடு சண்டை போட்டது, மானிடம் கெஞ்சியது. நேர்வழியில் ஒரு வகுப்பு முன்னே போன தோழர்கள் ஆற அமரப் பொதுத்தேர்வு எழுதி, ஆற அமர இரண்டு வருடக் கல்லூரியை முடித்து, பட்டம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்க இடம் வேண்டுமே, மரிக்கொழுந்தின் முந்திரி நிழலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அதில் பொன்னுத்துரை என்று ஒரு முயல். மரிக்கொழுந்து தண்ணீர் சுமந்துகொண்டு போகும்போதெல்லாம், "பாவம், பிளஸ் டூ கூட முடிக்கல" என்று அதன் காதில் விழும்படியாகவே சொல்லும். மரிக்கொழுந்துக்குச் சுருக்கென்று குத்தும். தண்ணீரை முயல்மேல் கொஞ்சம் சிந்திவிட்டுப் போகும்.

மூன்றாம் வருடம் மாசியில் பூத்தது. சித்திரையில் மரம் முழுக்கப் பழம், பழத்துக்கு அடியில் கொட்டை. மரிக்கொழுந்து எண்ணி இருபத்துநான்கு பறித்து, வழியில் எங்கேயும் நிற்காமல், குழி தோண்டும் ஆசை வந்தபோது கையைக் கடித்துக்கொண்டு, கவுண்டரில் கொண்டுபோய் வைத்தது. சுருளியாண்டி ஒவ்வொன்றாக முகர்ந்தது. தாய் மரத்து வாசனை பேரப்பிள்ளைக்கு வராமல் இருக்குமா?

"இருபத்துநாலு. செல்லும்" என்றது. "நூத்தி இருபது இருந்தா பட்டமே குடுத்துருவேன்" என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்தது.

அது சொல்லியிருக்கக் கூடாது. மரிக்கொழுந்து திரும்பிப் பார்த்தது. அக்கரையில் இருபத்திரண்டு மரங்கள் கிளை தாழக் காய்த்து நின்றன. அம்மாவைக் கூப்பிட்டது. கோணி எடுத்து வரச் சொன்னது.

மதியம் ஒரு மணிக்கு மரிக்கொழுந்து பட்டதாரி. இரண்டு மணிக்கு இரண்டாவது பட்டம். அதற்குள் கொம்பையாவும் மூட்டை தூக்க வந்துவிட்டது, வாயில் துணி கட்டிக்கொண்டு. மாலைக்குள் ஒன்பது பட்டம் ஆகிவிட்டது. அதில் ஒன்று மீன்வளம். சுருளியாண்டியின் மூக்கு சிவந்து வீங்கிவிட்டது. கல்லூரிக்காரர்கள் ஓடிவந்து தங்கள் மூட்டையைத் திறந்து பார்த்தால், வண்டு அரித்தது போக நாற்பது கொட்டை மிச்சம். இந்த அணிலிடமோ ஆயிரக்கணக்கில். விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கிரெடிட் எங்கிருந்து வருகிறதோ அதுவே பல்கலைக்கழகம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் மரிக்கொழுந்தைப் பல்கலைக்கழகம் என்றும், அதன் துணைவேந்தர் என்றும் அறிவித்துவிட்டு, மறுநாள் காலை கல்லூரியே அங்கீகாரம் கேட்டு விண்ணப்பத்தோடு முந்திரி மரத்தடியில் வரிசையில் நின்றது.

இனி அவரை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். மரிக்கொழுந்து அவர்கள் நல்ல மனசுக்காரர். நிழலில் உட்கார்ந்திருந்த பட்டதாரிகள் எல்லோருக்கும் வேலை போட்டுக் கொடுத்தார். பொன்னுத்துரையை உதவியாளராகவே வைத்துக்கொண்டார். கொம்பையாவுக்கு எரிச்சல் தாங்கும் துறை என்று ஒன்றைத் தனியாகத் திறந்தார். எல்லாம் ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் பொன்னுத்துரை அலுவலகக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றது.

"மேடம், ஒரு கட்டம் காலியா இருக்கு."

"எது?"

"பிளஸ் டூ."

உண்மைதான். ஒன்பது பட்டம் கொடுத்தபோது சுருளியாண்டி அதைக் கேட்கவே இல்லை. பிளஸ் டூ சான்றிதழுக்கு வாசனை கிடையாது. பள்ளிப் பதிவேட்டில் மூன்று வருடத்துக்கு முன்பே பெயரை அடித்துவிட்டார்கள், பதிவேட்டில் இல்லாத பிள்ளைக்கு இருபத்துநான்கு கிரெடிட் இருந்தும் பாஸ் என்று எழுதிக் கொடுக்க முடியாது. பிளஸ் டூ இல்லையென்றால் ஒன்பது பட்டமும் செல்லாது. பட்டம் செல்லாது என்றால் பதவி செல்லாது, அவர் போட்ட கையெழுத்து செல்லாது, கல்லூரியின் அங்கீகாரம் செல்லாது, கடைசியாகப் பொன்னுத்துரையின் வேலையும் செல்லாது. இந்தக் கடைசி வரிக்கு வந்ததும் முயல் கோப்பைச் சட்டென்று மூடியது. ஏன்டா வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

மரிக்கொழுந்து தனித்தேர்வராக விண்ணப்பித்து, ஹால் டிக்கெட் வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே மருத மரத்தடியில் பரீட்சை எழுதினார். ஒன்பது பட்டம் வாங்கிய நாளில் நடுங்காத வால் அன்று நடுங்கியது. மற்றப் பாடங்களில் எப்படியோ தேறிவிட்டார். தாவரவியலில் வந்தது வினை. 'முந்திரிக்கொட்டை முளைக்கத் தேவையானவை யாவை? ஐந்து மதிப்பெண்.' ஈரம், காற்று, வெப்பம் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. துணைவேந்தர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தனக்குத் தெரியாத முந்திரியா என்று நினைத்து இப்படி எழுதினார்: 'மறதி. வேறொன்றும் தேவையில்லை. இருபத்திரண்டு முறை செய்து பார்த்திருக்கிறேன்.'

திருத்தியவர் தணிகாசலம். துணைவேந்தர் தாள் என்று தெரிந்தும் சிவப்பு மையில் ஒரு சைபர் போட்டார். மொத்தம் முப்பது. பாஸுக்கு முப்பத்தைந்து.

முடிவு வெளியான அன்று காடே கூடிவிட்டது. ஒரு பக்கம் ஒன்பது பட்டம், ஒரு பல்கலைக்கழகம், ஒரு கல்லூரி, நாற்பத்தெட்டுப் பேரின் வேலை. இன்னொரு பக்கம் பாடப்புத்தகத்தில் ஒரு வார்த்தை. எதைத் திருத்தலாம் என்று தணிகாசலத்திடமே கருத்துக் கேட்டார்கள். நேர்மையானவர் என்று சொன்னேன் அல்லவா, அவர் ஆழமாக யோசித்து அசை போட ஆரம்பித்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே புத்தகம் அச்சுக்குப் போய், அச்சாகி, மூட்டை மூட்டையாகப் பள்ளிக்கு வந்து இறங்கிவிட்டது. 'முந்திரி முளைக்கத் தேவையானது மறதி. ஈரம், காற்று, வெப்பம் இருந்தாலும் தவறில்லை.' பரீட்சைக்கு முந்தின நாள் தேதி போட்டிருந்தார்கள்.

மரிக்கொழுந்து முழுதாக ஐந்து மதிப்பெண் பெற்று முப்பத்தைந்தில் தேறினார். ஒன்பது பட்டம் வாங்கியபோது மூட்டை தூக்கியே ஓய்ந்துபோன சீனியம்மாள், அந்தப் பிளஸ் டூ சான்றிதழைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கொம்பையா மேளம் அடித்தது. பொன்னுத்துரை எல்லோருக்கும் முன்னால் ஆடியது.

அடுத்த வருடப் பொதுத்தேர்வில் அதே கேள்வி வந்தது. புதுப் புத்தகத்தை வாங்க முடியாமல் அண்ணன் அக்காவின் பழைய புத்தகத்தை வைத்துப் படித்து, ஈரம், காற்று, வெப்பம் என்று எழுதிய பிள்ளைகள் அத்தனை பேரும் ஃபெயில்.

நீதி: பிளஸ் டூவில் தேற நிச்சயமான வழி, அதற்கு முன்பே துணைவேந்தர் ஆகிவிடுவது.